லாரி நிற்க இடம் உண்டு. ஆள் உட்கார இடம் இல்லை!

சென்னையில் முன்பு ஒரு ஓட்டல் இருந்தது. அங்கே சாப்பிடப் போகிறவர்கள் காரை விட்டு இறங்க வேண்டியதே இல்லை! மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். பரிமாறுகிறவர் வந்து கார் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். இட்டிலியும் காப்பியும் காருக்குள்ளேயே வந்து சேரும்.

ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே, கதீட்ரல் சாலையில் இருந்த "உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்" ஓட்டல்தான் அது. 1962-ல் தொடங்கிய அந்த ஓட்டல் 2008-ல் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 20 ஏக்கர்.

கார்கள் நின்ற இடத்தில் இன்று குழந்தைகள் ஓடுகிறார்கள். சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்பது ஒரு குறை. ஆனாலும், வண்டிகள் நின்ற நிலத்தை மக்கள் உட்காரும் நிலமாக மாற்ற முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 2024 அக்டோபரில் அதே கதீட்ரல் சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் திறக்கப்பட்டது.

ஒரே சாலையில் இரண்டு பெரிய பூங்காக்கள்! பட்டணத்தின் வடகோடியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்... இந்தப் பக்கம் நடந்து பாருங்கள். சாலையின் ஓரம் எது என்றே தெரியாதபடி லாரிகள் நிற்கும். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் யானைக் கூட்டம் போல நிற்கும். யானையாவது நகர்ந்து போகும்!

வண்டி செய்து கொடுத்த ஊர்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாட்டுக்கே வண்டிகளைச் செய்து கொடுத்தது இந்த வடசென்னைதான்.

எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தொடங்கியது. முதலில் கார்களைப் பூட்டினார்கள். 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. லாரியும் பஸ்ஸும் அங்கிருந்து நாடெங்கும் போயின. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு கம்பெனி வந்தது. "புல்லட்" மோட்டார் சைக்கிள் அங்கேதான் தயாராயிற்று. பட்டாளத்துக்காரர்கள் ஏறிச் சென்ற புல்லட்டுகள் இந்த ஊர்த் தொழிலாளிகள் கையால் பூட்டியவை.

வண்டிக்கு டயர் வேண்டுமே? அதுவும் திருவொற்றியூரில்தான். எம்.ஆர்.எப். கம்பெனி 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் தொடங்கியபோது என்ன செய்தது தெரியுமா? குழந்தைகள் விளையாடும் ரப்பர் பலூன்! பலூனில் ஆரம்பித்துப் பின்னால் லாரி டயர் வரை போனார்கள்.

பலூன் செய்த ஊரில் இன்று ஒரு குழந்தை பலூனைப் பிடித்துக்கொண்டு ஓட நினைத்தால் எங்கே ஓடும்? வீட்டுக்குள் ஓட முடியாது. பழைய குடிசை மாற்று வாரிய வீடுகள் பல, 200, 250 சதுர அடிக்குள் அடங்கியவை. அதிலே அடுப்பு, கட்டில், பீரோ, தையல் மிஷின், பாட்டி எல்லாம் இருக்க வேண்டும். தெருவில் இறங்கினால் லாரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 அடிப் பெட்டியை ஏற்றிய டிரெய்லர் லாரியின் நீளம், முன்பக்கத்தையும் சேர்த்தால் 50 அடியைத் தொடும். அகலம் 8 அடி. அது நிற்க 400 சதுர அடி தேவை. அதாவது, ஒரு லாரி வெறுமனே நிற்பதற்கு, இரண்டு குடும்பங்கள் வாழும் இடம் தேவைப்படுகிறது! அப்படிப்பட்ட லாரிகள் எத்தனை வரிசையில் நிற்கின்றன என்பதை எண்ணூர் விரைவு சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எண்ணிக்கொள்ளலாம்.

கடற்கரை போன கதை

"ஏன், கடற்கரை இருக்கிறதே! அங்கே போய் உட்காரலாமே!" என்று தெற்கே இருப்பவர்கள் கேட்கக்கூடும்.

அந்தக் கடற்கரை போன கதைதான் பெரிய கதை. சென்னைத் துறைமுகம் கட்டும் வேலை 1870-களில் தொடங்கியது. கடலுக்குள் கல்லைப் போட்டு நீளச் சுவர் எழுப்பினார்கள். நமது கரையோரத்தில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. தங்கித் தங்கி விரிந்ததுதான் இன்றைய மெரினா. வடக்கே மணல் வரவு நின்றது; ஆனால் அலை நிற்கவில்லை. இருந்த மணலை அரித்துக்கொண்டே போனது. ராயபுரம் பக்கத்தில் பல நூறு மீட்டர் கரை கடலோடு போயிற்று. மிச்சத்தைக் காப்பாற்றப் பெரிய பெரிய பாறைகளைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். பாறை மேல் குடும்பத்தோடு உட்கார்ந்து சுண்டல் தின்ன முடியுமா?

ஆக, தெற்குக்கு மெரினாவைக் கொடுத்த அதே துறைமுகச் சுவர் வடக்குக்கு இருந்ததையும் எடுத்துக்கொண்டது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் கடன் கடன்தானே! துறைமுகத்தால் வாழும் பட்டணம், துறைமுகத்தின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் இது.

1983-ல் இன்னொரு மாற்றம் வந்தது. பெட்டிகளைக் கையாள்வதற்கென்றே தனி முனையம் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முன் மூட்டையும் பீப்பாயுமாக, கூலிக்காரர்களின் முதுகில் இறங்கிய சரக்கு, இரும்புப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. இப்போது 20 அடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வந்து போகின்றன. அவற்றை மாதவரத்துக்கும் மணலிக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோகிற லாரிகள் ஜீரோ கேட் வாசலில் காத்திருக்க வேண்டும். காகிதம் சரிபார்க்க நேரம், சுங்கச் சோதனைக்கு நேரம், கப்பல்கள் ஒரே சமயத்தில் வந்துவிட்டால் இன்னும் நேரம். வாசலில் ஒரு மணி தாமதம் என்றால் வால் பல கிலோமீட்டர் நீளும். வால் நீளும் இடம் ராயபுரத்து வீட்டு வாசல்!

திடல் இருந்தால் என்ன கிடைக்கும்?

திடல் என்பது காற்று வாங்க மட்டும் என்று நினைக்கக்கூடாது. வடசென்னைக்கு இது நன்றாகத் தெரியும்.

ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா என்று ஒரு பூங்கா. இப்போது அதன் பெயர் அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே நனைந்துகொண்டு நின்றார்கள். திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் அது. 18 ஆண்டுகளில் அந்தக் கட்சி கோட்டையைப் பிடித்தது. கட்சியைப் பிடிக்கிறதோ இல்லையோ, ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாட்டின் சரித்திரத்தை மாற்றிய கூட்டத்துக்கு ராயபுரத்தில் ஒரு திறந்த இடம் இருந்தது.

அதற்கும் முன்னால், 1923-ம் ஆண்டு மே 1-ந் தேதி. மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முதலாக மே தினக் கூட்டம் நடத்தினார். எங்கே? ஐகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையிலும், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும். மண்டப வாடகை கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு மணல்தான் மண்டபம்.

கூலி கேட்கவும், கல்யாணம் பேசவும், பந்து விளையாடவும், சும்மா உட்காரவும் ஏழைக்கு ஒரே இடம்தான் உண்டு. அது பொது இடம். பணக்காரனுக்கு வீட்டிலேயே கூடம் இருக்கிறது, கிளப் இருக்கிறது. 200 சதுர அடி வீட்டுக்காரனுக்குத் தெருவும் திடலும்தான் கூடம். அந்தக் கூடத்தில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். ஆண்கள் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்துகொள்வார்கள். விடியுமுன் காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையைச் சுமந்து தெருத்தெருவாக விற்றுவிட்டுத் திரும்பும் அம்மாள் எங்கே உட்காருவாள்? படிக்கட்டில், பஸ் நிறுத்தத்தில், அதுவும் இல்லாவிட்டால் தரையில். இரண்டு லாரிகளின் இடுக்கில் நடந்துதான் பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். உயரத்தில் இருக்கும் லாரி டிரைவருக்குக் கீழே நடக்கும் சின்னப் பிள்ளை கண்ணுக்குத் தெரியாது.

கடைக்காரர்கள் பயம்

வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்துவிடலாம் என்று பேச்செடுத்தாலே முதலில் எழுந்து நிற்பவர்கள் கடைக்காரர்கள். "வண்டி நிறுத்த இடம் இல்லாவிட்டால் வாடிக்கை போய்விடும்" என்பார்கள். இந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. வயிற்றுப் பிழைப்பு அல்லவா?

டென்மார்க் தேசத்தின் தலைநகர் கோபன்ஹேகனிலும் இதே பயம் இருந்தது. 1962-ல் அங்கே கடைத்தெருவில் கார்களை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். கடைத்தெரு ஒரு கிலோமீட்டர் நீளம். "இந்தக் குளிர் தேசத்தில் தெருவில் வந்து யார் உட்காருவார்கள்? வியாபாரம் படுத்துவிடும்" என்ற கூச்சல் எழுந்தது. நடந்ததோ நேர்மாறு. நடந்து வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், பார்த்தவர்கள் வாங்கினார்கள். அந்தத் தெரு இன்று உலகப் புகழ் பெற்றது. பிறகு, கார்கள் அடைத்துக்கொண்டிருந்த சதுக்கங்களையும் ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். ஒரே நாளில் செய்யவில்லை. ஆண்டுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். வலி தெரியாமல் முள் எடுப்பது போல!

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 2005-ல் நடந்தது இன்னும் சுவையானது. ஒரு கலைக் குழுவினர் சாலையோரம் கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார்கள். காசுப் பெட்டியில் இரண்டு மணி நேரத்துக்கு உண்டான காசைப் போட்டார்கள். காரை நிறுத்தவில்லை. புல்தரையை விரித்து, ஒரு பெஞ்சியைப் போட்டு, தொட்டியில் ஒரு மரத்தையும் வைத்தார்கள். வழியில் போனவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். வாடகை தீர்ந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மணி நேரப் பூங்கா! இன்று பல தேசங்களில் ஆண்டுக்கு ஒரு நாள் இதைச் செய்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தியாகராயநகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். வண்டிகளுக்கு இருந்த இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்கு அகலமாகக் கொடுத்தார்கள். மாலை வேளையில் அங்கே தாத்தா பாட்டிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கண்காணிப்பு தளர்ந்தால் அங்கேயும் மோட்டார் சைக்கிள் நடைபாதையில் ஏறிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கல் பதித்தால் மட்டும் போதாது, காவலும் வேண்டும்.

தேருக்கு ஒரு நிலை

ஆனால் பாண்டி பஜாரில் நிற்பது கார். ராயபுரத்தில் நிற்பது டிரெய்லர். சென்டிரல் ரெயில் நிலையத்தின் எதிரே செய்தது போல வண்டிகளைப் பூமிக்கு அடியில் நிறுத்தலாம் என்று யாராவது சொல்லலாம். 40 அடிப் பெட்டியைப் பூமிக்குள் ஒளிக்க முடியுமா? அதுவும் தோண்டினால் தண்ணீர் வரும் கடலோரத்தில்? இந்த யோசனை வடசென்னைக்கு ஆகாது.

லாரிகளை விரட்டினால் போதும் என்பதும் நியாயம் அல்ல. லாரி டிரைவர் யார்? அவரும் ஒரு வீட்டுப் பிள்ளை. வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்கும்போது அவருக்குக் குளிக்க இடம் இல்லை, கழிப்பிடம் இல்லை, நல்ல குடிதண்ணீர் இல்லை. ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துத் தூங்குகிறார். சாலையில் நிற்பது அவருடைய ஆசை அல்ல.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு சொல் தெரியும். தியாகராஜ சுவாமி கோவில் பக்கத்தில் "தேரடி" என்று ஓர் இடம். மெட்ரோ ரெயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். திருவிழா நாளில் தேர் வீதி முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும். அதை யாரும் குறை சொல்வதில்லை. ஏனென்றால் சுற்றி முடிந்ததும் தேர் "நிலை"க்கு வந்துவிடும். சாமியின் வண்டியே இப்படி ஓர் ஓரமாக, தனக்கென்று உள்ள இடத்தில் நிற்கிறது. லாரிக்கும் ஒரு நிலை வேண்டும். ஊருக்கு வெளியே, மாதவரம், மணலிக்கு அப்பால், குளியலறையும் சாப்பாட்டுக் கடையும் படுக்கையும் உள்ள நிலையங்கள் வேண்டும். வாசலில் முறை வரும்போது போனில் கூப்பிட்டால் புறப்பட்டு வரலாம். ஆஸ்பத்திரியிலேயே டோக்கன் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள், துறைமுகத்தில் முடியாதா?

எங்கே, எப்படி?

எல்லா இடத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரே ஓர் இடத்தில், வண்டிகள் நிற்கும் பொது நிலத்தை எடுத்துத் திடலாக்கிக் காட்டினால் போதும்.

அதற்குப் பொருத்தமான இடம் ராயபுரம் ரெயில் நிலையத்தின் முன்புறம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் புறப்பட்ட இடம் அது. 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அங்கிருந்து கிளம்பிய வண்டி வாலாஜா ரோடு வரை போனது. சென்டிரல் நிலையம் பிறந்ததே 1873-ல்தான்! உயரமான தூண்களோடு அந்தப் பழைய கட்டிடம் இன்றும் நிற்கிறது. சுற்றிலும் ரெயில்வே நிலம் பரந்து கிடக்கிறது. அங்கே பெரிய ரெயில் முனையம் வரவேண்டும் என்ற கோரிக்கையும் வெகுநாளாக உண்டு. முனையம் வரட்டும். வந்தாலும் முன்வாசலில் கார்களை நிறுத்தாமல், ஜனங்கள் நிமிர்ந்து பார்க்க ஒரு திடலை விட்டால் யாருக்கு நஷ்டம்? ரெயில்வேயும் மாநகராட்சியும் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். அதுதான் கஷ்டமான காரியம்!

திடல் என்றதும் பளிங்குக் கல்லும், நீரூற்றும், கம்பி வேலியும் போட்டுவிடக்கூடாது. சித்திரை வெயிலில் பளிங்கு தோசைக்கல் ஆகிவிடும். நிழல் வேண்டும். பூவரசும் புங்கையும் உப்புக் காற்றைத் தாங்கி வளரும் மரங்கள். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம், குடிதண்ணீர், இரவில் நல்ல விளக்கு வேண்டும். சுண்டல், மீன் வறுவல் விற்பவர்களை விரட்டாமல் ஓர் ஓரம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமே அவர்கள் பக்கம் இருக்கிறது.

முக்கியமாக, பூட்டு வேண்டாம்! காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறந்து, மற்ற நேரத்தில் பூட்டி வைக்கும் பூங்கா வடசென்னைக்கு உதவாது. இது "ஷிப்டு" வேலை ஊர். இரவு வேலை முடித்து வருகிறவருக்குப் பகல்தான் ஓய்வு. மீனவருக்கு விடியற்காலம்தான் சந்தை.

பணம் இல்லை என்ற சாக்கு செல்லாது. 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அதன் மதிப்பு 4,181 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். வண்டி இல்லாமல் வர முடியாதே என்பதும் செல்லாது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரெயில் ஓடத் தொடங்கிவிட்டது.

இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருக்கிறது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை மேம்பாலச் சாலை. 2009-ல் ஒருமுறை அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் இரண்டு அடுக்குப் பாலமாக மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். அது முடிந்தால் லாரிகளில் ஒரு பகுதி மேலேயே போய்விடும். வடக்கு வாசல் பக்கம் நெருக்கடி குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

குறைந்தால் சாலையோரங்கள் காலியாகும். காலியான மறுநாளே "கட்டணக் கார் நிறுத்தம்" என்று பலகை மாட்ட யாராவது ஏணியோடு வந்துவிடுவார்கள். அதற்கு முன்பே அந்த நிலங்களின் சர்வே எண்கள் "திடல்" என்று மாநகராட்சி மன்றத் தீர்மானத்தில் ஏற வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர் வட்டாரத்து வார்டு உறுப்பினர்களை அவர்கள் வீட்டு வாசலிலேயே பிடித்துக் கேட்கலாம். லாரி மறைத்துக்கொண்டு நின்றால் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்!